காரைக்குடி வெயிலுக்கு ஒரு ஸ்ட்ரீட்வேர் அலமாரி

கல்லூரி திறக்கும் மாதங்களில் என் கடைக்கு வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் செல்போனில் காட்டுகிறார்கள். சியோலிலோ நியூயார்க்கிலோ ஒருவன் தொளதொளவென்று, தலையை மூடும் குல்லாய் சேர்த்துத் தைத்த ஹூடி போட்டு, அதற்கு மேல் தடித்த ஜாக்கெட் ஒன்றையும் மாட்டிக்கொண்டு, கணுக்காலை மூடும் காலணியோடு சுவரில் சாய்ந்து நிற்பான். ஸ்ட்ரீட்வேர் என்று சொல்லும் தெருப் பாணி உடை இதுதான். "அண்ணே, இந்த மாதிரி உடுத்த வேண்டும் என்றால் முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். படத்தில் இருப்பவன் மூச்சு விட்டால் ஆவி பறக்கிறது. நாங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் செக்காலை ரோட்டிலோ வைகாசி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஜாக்கெட்டோடு கல்லுக்கட்டி வரை நடந்து போனாலே மயக்கம் வந்துவிடும்.

ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்பு சிராவயல் பக்கத்து மஞ்சுவிரட்டு இளைஞர்களுக்கு மாட்டின் படம் போட்ட டி-ஷர்ட், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கு வேல் போட்ட டி-ஷர்ட், ஆண்டு முழுவதும் கபடி அணி, பள்ளி விளையாட்டு விழா, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் என்று ஓடுகிறது பிழைப்பு. துணியைக் கையில் வாங்கியதுமே அது எத்தனை சலவை தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தால் ஃபேஷன் தெரிந்தவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

என்னைப் போன்ற ஒருவனுக்கு ஸ்ட்ரீட்வேர் மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால், அது பிறந்ததே ஸ்கிரீன் பிரிண்டிங் மேசையில்தான். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லகூனா பீச்சில் ஷான் ஸ்டூஸி என்பவர் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பலகையில் மார்க்கரால் கிறுக்கிய தன் கையெழுத்தையே டி-ஷர்ட்டிலும் அச்சடித்தார். பலகையைவிட டி-ஷர்ட் அதிகம் பேசப்பட்டது. 1993இல் டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் நிகோ தொடங்கிய 'எ பேதிங் ஏப்', 1994இல் நியூயார்க்கின் லாஃபயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா திறந்த 'சுப்ரீம்' என இந்த பிராண்டுகள் எல்லாவற்றுக்கும் அச்சடித்த டி-ஷர்ட்தான் முதல் சரக்கு. வெற்று டி-ஷர்ட், வலைத்துணி கட்டிய ஒரு சட்டம், மையை இழுக்க ஒரு ரப்பர் தகடு, கொஞ்சம் மை. என் கடையிலும் அவைதான் இருக்கின்றன. என்னிடம் வரிசையில் நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வரலாற்றில் நம் பையன்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்ட்ரீட்வேர் என்று இன்று சொல்லும் எந்த உடையும் ஃபேஷனுக்காகப் பிறக்கவில்லை. டி-ஷர்ட் அமெரிக்கக் கடற்படையினரின் உள்ளாடை. ஹூடி, நியூயார்க் மாநிலத்துக் குளிரில் வேலை செய்தவர்களுக்காகச் சாம்பியன் நிறுவனம் 1930களில் தைத்தது. தொடையில் பெரிய பாக்கெட் வைத்த கார்கோ பேண்ட் சிப்பாய்களுடையது. ஒவ்வொன்றும் அதைப் போட்டவனின் ஊருக்கும் வேலைக்கும் ஏற்பத் தைக்கப்பட்டது. அப்படியென்றால் காரைக்குடியில் இருப்பவன் காரைக்குடிக்கு ஏற்பத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சியோல் பையனின் அலமாரியை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது, இந்த உடைகளின் சொந்தக் கதைக்கே பொருந்தாதது.

முதலில் டி-ஷர்ட். காசில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள் என்று சொல்வேன்.

கடையில் 'ஜிஎஸ்எம்' என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான் அது. தேர்தல் நேரத்திலும் விளம்பரத்துக்கும் இலவசமாகக் கொடுக்கும் டி-ஷர்ட்கள் 140, 150 ஜிஎஸ்எம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் விரல் மறுபக்கம் தெரியும். ஸ்ட்ரீட்வேர் பிராண்டுகள் பெருமையாகச் சொல்வது 220, 240. கனமான துணி தோளிலிருந்து நேராக விழும், உடம்பில் ஒட்டாது, தொப்பையைக் காட்டிக் கொடுக்காது. அந்தத் தோற்றத்தின் ரகசியமே கனம்தான். ஆனால் நம் ஊரில் பங்குனி முதல் ஆவணி வரை 240ஐப் போட்டுக்கொண்டு டூவீலரில் தேவகோட்டை போய் வந்தால், சட்டையைப் பிழிந்து ஒரு செம்பு தண்ணீர் எடுக்கலாம். என் அனுபவத்தில் 180 முதல் 200 வரை நமக்குச் சரி. விழும் அழகும் இருக்கும், காற்றும் போகும். ஐப்பசிக்கு மேல் தை வரைக்கும் என்று ஒரே ஒரு 240 வைத்துக்கொள்ளலாம்.

எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கனமான துணியெல்லாம் நல்ல துணி என்று அர்த்தம் இல்லை. பஞ்சைச் சீப்பால் சீவி, குட்டை இழைகளை நீக்கி நூற்றது 'கோம்டு' பருத்தி. அந்த வேலை செய்யாதது 'கார்டட்'. பின்னதில் சில சலவையிலேயே துணி மேல் குருணை குருணையாக உருண்டை எழும். 'பயோ வாஷ்' என்று சொன்னால், நொதியைக் கொண்டு மேற்பரப்பில் நிற்கும் பஞ்சு மயிரை நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கையால் தடவினாலே வழுவழுப்புத் தெரியும். அடுத்து, கழுத்துப் பட்டையைப் பாருங்கள். திருப்பூர்க்காரர்கள் அதை 'ரிப்' என்பார்கள். இரண்டு கையாலும் இழுத்து விட்டால் உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் அலை அலையாக நின்றால், தீபாவளிக்கு வாங்கியது பொங்கலுக்குள் கழுத்து தொங்கி, வீட்டில் தரை துடைக்கப் போய்விடும். உள்பக்கம் ஒரு தோளிலிருந்து கழுத்துக்குப் பின்னால் மறு தோள் வரை டேப் வைத்துத் தைத்திருந்தால், தைத்தவர் சிக்கனம் பார்க்கவில்லை என்று நம்பலாம்.

கடைசியாக ஒரு சோதனை, இது கடைக்காரருக்குப் பிடிக்காது. டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, பக்கவாட்டுத் தையல் நேராகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். நூலில் ஏற்றிய முறுக்கு சரியாக அடங்காத துணி சலவைக்குப் பிறகு சுற்றிக்கொண்டு போகும். இடுப்பில் இருக்க வேண்டிய தையல் தொப்புளுக்கு வந்து நிற்கும். புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தச் சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இணையத்தில் வாங்குவதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதனால்தான். படத்தில் எந்தத் தையலும் கோணலாக இருப்பதில்லை.

அச்சைப் பற்றி என்னிடம் கேட்டால் என் தொழிலுக்கு எதிராகவே பேசுவேன். நெஞ்சு முழுவதும் ரப்பர் பிரிண்ட் அடித்த டி-ஷர்ட்டை வாங்காதீர்கள். அந்த மை சுமார் 160 டிகிரி சூட்டில் இறுகி, துணி மேல் ஒரு தகடாக நிற்கும். தகட்டுக்கு அடியில் வியர்வை வற்ற வழியில்லை. தண்ணீரில் கலக்கும் பிக்மென்ட் மை நூலுக்குள் இறங்கும். கைக்குத் தட்டுப்படாது, காற்றும் போகும், ஆண்டுகள் போகப் போக மங்குவதும் அழகாக இருக்கும். கறுப்புத் துணியில் அது பளிச்சென்று தெரியாது என்பது ஒரு குறை. கபடி அணிகள் விரும்பும் பளபள ஜெர்சி முற்றிலும் வேறு கதை. சப்ளிமேஷன் என்ற அந்த அச்சு பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. அதனால்தான் ஆடுகளத்தில் பிரமாதமாக இருக்கும் ஜெர்சி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வியர்வை நாற்றத்தால் எழுந்து நிற்க வைக்கிறது. என்னைக் கேட்டால் நெஞ்சின் இடப்பக்கம் கையகல அச்சு, அல்லது முதுகில் மட்டும். அதற்கும் முன்னால் இரண்டு வெற்று டி-ஷர்ட்கள். அச்சே இல்லாத சட்டைதான் எதனோடும் சேரும்.

நிறத்தில் ஒரு கணக்கு உண்டு. எல்லோரும் முதலில் கறுப்பு கேட்கிறார்கள். வியர்த்துக் காய்ந்த பிறகு கறுப்பில் உப்புப் பூத்து, முதுகில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் விழும். வெவ்வேறு நிற இழைகள் கலந்த சாம்பல் மெலாஞ்ச் துணியில் அக்குள் ஈரம் நூறடிச் சாலையின் மறுமுனையிலிருந்தே தெரியும். வெள்ளை வியர்வையை மறைக்கும், ஆனால் செம்மண்ணை மறைக்காது. நம் பக்கம் காலுக்கடியில் எல்லாம் செம்மண்தான் என்பதால், நான் பழுப்பு, காவி, செங்கல், அடர்நீலம் என்று போய்விட்டேன். தூசி படிந்தாலும் துணியின் நிறமோ என்று ஏமாற்றும் நிறங்கள் இவை.

அளவு விஷயத்தில் நம் பையன்கள் செய்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஓவர்சைஸ் வேண்டும் என்பதற்காக, எம் அளவு போடுகிறவன் டபுள் எக்ஸ்எல் வாங்குகிறான். சட்டை அகலத்தோடு நீளமும் கூடி முழங்காலை எட்டுகிறது. அண்ணனின் சட்டையைத் தம்பி போட்ட கதை. ஓவர்சைஸ் என்று வெட்டப்பட்ட சட்டையில் அகலம் கூடும், தோள் தையல் கைப்பக்கம் இறங்கும், நீளம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வீட்டில் உங்களுக்கு மிகவும் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அங்குலக் கணக்கில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலான அகலமும், ஒரு அங்குலத்துக்கு மேல் கூடாத நீளமும் தேடுங்கள். எஸ், எம், எல் என்ற எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; அங்குலம் மாறாது.

எங்கள் சந்தின் முனையில் ஒரு தையல்கார பாய் இருக்கிறார். பேண்ட் சட்டை தைத்து வளர்ந்த கை. இறங்கிய தோள் வைத்த டி-ஷர்ட்டை முதலில் அவரிடம் கொண்டுபோனபோது, விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் தைத்தவனுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை. தோளை ஏற்றிக் கொடுத்துவிடட்டுமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது அவரே கடைக்கு வரும் பையன்களிடம், "உனக்குத் தோள் இருக்க வேண்டுமா, இறங்க வேண்டுமா?" என்று கேட்டு வேலையைத் தொடங்குகிறார். ஊரில் இப்படி ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது, புதிதாக இரண்டு உருப்படிகள் வாங்குவதற்குச் சமம். நீளம் குறைக்க, கை மடிக்க, பேண்ட்டின் பாட்டத்தை அகலமாக்க எல்லாம் நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடியும். படங்களில் பார்க்கும் அந்தக் கச்சிதத்தில் பாதி, பிராண்டால் வருவதில்லை; ஆல்ட்ரேஷனால் வருகிறது.

பேண்ட்டுக்கு வருவோம். ஜீன்ஸின் பாக்கெட் மூலைகளில் தையல் பிரியாமல் பிடிக்கும் செம்பு ரிவெட் அடிக்கும் யோசனைகூட ஒரு தையல்காரருடையதுதான். நெவாடாவின் ரீனோ ஊரில் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ், துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இதைப் பாயிடம் சொன்னபோது, "காப்புரிமையில் தையல்காரன் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

டெனிமை ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். விரும்பிகள் கொண்டாடும் 14 அவுன்ஸ் டெனிம், நம் ஜிஎஸ்எம் கணக்கில் ஏறத்தாழ 475 வரும். ஒரு தடித்த டி-ஷர்ட்டைப்போல இரண்டு மடங்கு கனம், அதுவும் காலைச் சுற்றி. இங்கே 10 அல்லது 11 அவுன்ஸ் போதும். தொடையில் தாராளமாகவும் கீழே நேராகவும் இறங்கும் கட். காலைப் பிடிக்கும் ஸ்கின்னியை நம் வெயிலே ஒழித்துக்கட்டியிருக்க வேண்டும், எப்படியோ பத்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஜீன்ஸ் ஒன்று போதும். இரண்டாவதாக, சாய்கோடாக நெய்த பருத்தி ட்வில்லில் ஒரு தளர்ந்த பேண்ட், ஆலிவ் அல்லது காக்கி நிறத்தில். கார்கோ வாங்கினால் பாக்கெட் துருத்தாமல் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். பாராசூட் பேண்ட் என்று விற்கும் நைலான் சமாசாரத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நடக்கும்போதெல்லாம் பாலித்தீன் கவர் சத்தம்.

இனி நான் ரசித்து எழுதப்போவது கட்டம் போட்ட சட்டையைப் பற்றி.

எங்கள் ஊரின் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அடித்துச் சொல்லும் நிறங்கள், கோடும் கட்டமும், அகலமான கரை, முரட்டுப் பருத்தி. எங்கள் அப்பத்தா வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உடுத்தியது இதைத்தான். அதைப் பார்த்து வளர்ந்தும், அதில் சட்டை தைக்கலாம் என்ற எண்ணம் ஊர்ப் பையன்களுக்கு வருவதில்லை. புதிய கண்டாங்கி ஒன்றை வாங்கினால், ஐந்தரை மீட்டரில் தாராளமாக இரண்டு அரைக்கைச் சட்டைகள் வரும். நண்பனோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். உடம்புக்குப் பெட்டி போல அகலமாக, நீளம் இடுப்போடு முடியும்படி, காலர் விரிந்து திறந்திருக்கும்படி பாயிடம் தைக்கச் சொன்னேன். கரையை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய விவாதம். அவர் கீழ் ஓரத்தில் வைக்கலாம் என்றார். நான் ஒரு பக்க முன்பட்டையில் மட்டும் நெடுக்காக இறக்கச் சொன்னேன். வெற்று வெள்ளை டி-ஷர்ட்டின் மேல் பொத்தான் போடாமல் அதைப் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தபோது, எந்த பிராண்ட் என்று கேட்டார்கள். கூரைநாடோ காஞ்சியோ சொல்வது போலக் காரைக்குடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய சேலையை வெட்டித் தைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டியின் சேலை பெட்டியிலேயே இருக்கட்டும். புதிதாக ஒன்று வாங்கினால் தறிக்காரருக்கு நாலு காசு போகும். முதல் சில சலவைகளைத் தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள். சாயம் போனால் பதற வேண்டாம். 1950களின் இறுதியில் நம் மெட்ராஸ் செக் துணி அமெரிக்காவுக்குப் போய், சலவையில் சாயம் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போனதாகப் புகார் எழுந்தது. 'சாயம் கசியும் மெட்ராஸ்' என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் போய் வாங்கினார்கள். கைலிக் கட்டத்தை நாம் வீட்டுக்குள் போடும் துணி என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். மாலையில் கைலித் துணியில் தைத்த அரைக்கைச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுப் பாருங்கள், இதைவிட லேசான உடை இந்த ஊருக்குக் கிடையாது.

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளின் முகப்பில் தொங்கும் பழைய புகைப்படங்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய்த் திரும்பியவர்கள் வேட்டிக்கு மேல் வெள்ளைக்காரன் கோட்டு, தலையில் ஜரிகைத் தலைப்பாகை, காலில் பூட்ஸ் என்று அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். கலந்து உடுத்துவதற்கு நம் ஆட்கள் யாரிடமும் பாடம் கேட்கவில்லை. அடர்நிற ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுக்குக் கீழே நாலு முழ வேட்டி கட்டிக்கொண்டு நான் கடைக்கு வரும் நாட்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா மட்டும், "மேலே தூங்கப் போகிறாய், கீழே கோயிலுக்குப் போகிறாய்" என்றார்.

காலணிதான் காசைத் தின்னும் இடம். இங்கேதான் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. நியூயார்க்காரன் காலையில் கட்டிய லேஸை இரவில் அவிழ்க்கிறான். நாம் ஒரு நாளில் எத்தனை வாசலில் காலணியைக் கழற்றுகிறோம்! கொப்புடையம்மன் கோயில், நண்பன் வீடு, டியூஷன், சில கடைகளில்கூட. கணுக்காலுக்கு மேல் ஏறும் ஹைடாப் காலணியை முகப்பில் உட்கார்ந்து அவிழ்த்து முடிப்பதற்குள், உள்ளே போட்டு வைத்த காபி ஆறிவிடும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சி, "என்னப்பா, போருக்குப் போய்விட்டு வந்தாயா?" என்று கேட்பார். எனவே உயரம் குறைந்தது, காலை நுழைத்தால் போய்விடுவது. கலிஃபோர்னியாவில் 1966இல் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின், லேஸ் இல்லாத கேன்வாஸ் ஸ்லிப்-ஆன் வகை நமக்கென்றே செய்தது போன்றது. அதே வடிவத்தில் குறைந்த விலையிலும் நல்லவை கிடைக்கின்றன. தோல் ஸ்னீக்கர்தான் வேண்டும் என்றால், லேஸை இறுக்கிக் கட்டாமல் தளர விட்டுவிடுங்கள். 1980களில் ரன்-டிஎம்சி இசைக்குழுவினர் அடிடாஸ் சூப்பர்ஸ்டாரை லேஸே இல்லாமல் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள், ஊரே பின்னால் போனது. ஆக, உங்கள் சோம்பலுக்கு வரலாற்று ஆதரவு இருக்கிறது.

வெள்ளைக் காலணி வாங்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். மழை நாளில் மட்டும் அதை வெளியே எடுக்காதீர்கள். செம்மண் சேறு கேன்வாஸில் காய்ந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. சாக்ஸில் கஞ்சம் பிடிக்காதீர்கள். காலணியைக் கழற்றிக்கொண்டே இருக்கும் ஊரில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எல்லோரும் பார்ப்பது உங்கள் சாக்ஸைத்தான். தடித்த வெள்ளைப் பருத்தியில் ஓட்டையில்லாத சில ஜோடிகள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நல்ல தோல் செருப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். அகலமான பேண்ட்டுக்குக் கீழே அது மிகவும் எடுப்பு.

ஹூடி ஒன்று போதும். மார்கழிக் காலையும், பல்லவன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டியும், பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும் நாளும் தவிர அதற்கு இங்கே வேலை கிடையாது. உள்ளே ரோமம் போலப் பஞ்சு எழுப்பிய ஃபிளீஸ் வேண்டாம். வளையம் வளையமாகத் தெரியும் லூப் நிட் துணியில் எடுங்கள். ஜாக்கெட்டை மறந்துவிடலாம்.

தொப்பி அவசியம், ஃபேஷனுக்காக அல்ல, மண்டை காயாமல் இருப்பதற்காக. பருத்தி ட்வில்லில், பின்னால் துணிப்பட்டை வைத்தது நல்லது. பிளாஸ்டிக் பட்டை வெயிலில் வெடித்துவிடும். பைக்கு மட்டும் யாரும் காசு செலவழிக்க வேண்டாம். 'டோட் பேக்' என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பது, தமிழ்நாடு அரசு 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று நமக்கு நினைவூட்டிய அதே பைதான். முகூர்த்தப் பத்திரிகை அச்சடித்த மஞ்சப்பை, கறுப்பு டி-ஷர்ட்டின் பக்கத்தில் தொங்கும் அழகுக்கு ஈடாக எந்த பிராண்டும் ஒன்றைச் செய்துவிடவில்லை.

எங்கே வாங்குவது? பையன்களாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போய் வாருங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சியவை, சிறு குறையால் திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். பெரும்பாலும் கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள். அதில் தலையிடாதீர்கள், துணியைப் பாருங்கள். குறை எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் விலை பேச வேண்டும். கையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். ஐரோப்பிய அளவில் எம் என்பது நமக்கு எல் போல இருக்கும். ஊரில் கடையில் 700, 800 சொல்லும் வெற்று டி-ஷர்ட்டுக்கு அங்கே அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். பயணக் காசைக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். நாலு பேராகப் போனால் மிஞ்சும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கிக் குவிக்க நினைக்காதீர்கள். பெரிய பிராண்டுகள் 'டிராப்' என்று வைத்து, வாரம் ஒன்றை வெளியிட்டுப் பதற வைக்கும். நமக்குத் தீபாவளி, பொங்கல் என்று இரண்டு டிராப் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. முதல் சுற்றில் இரண்டு வெற்று டி-ஷர்ட்டும் ஒரு ஜீன்ஸும். அடுத்ததில் காலணி. கண்டாங்கிச் சட்டை எப்போது கையில் காசு வருகிறதோ அப்போது. மற்றதெல்லாம் தானாகச் சேரும். பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த பளபளச் சட்டையும் அதில் இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பித் துவைத்து, அப்படியே திருப்பிய வாக்கில் நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயில் கறுப்பை ஒரே கோடையில் சாம்பலாக்கிவிடும். ஈரத்தோடு ஹேங்கரில் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைக்கும். கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள். அலமாரியிலும் மடித்துத்தான் வைக்க வேண்டும். அச்சின் மேல் நேராக இஸ்திரி வைக்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

வெற்று டி-ஷர்ட் வாங்கிய பிறகு அச்சடிக்க என்னிடம் வருவதாக இருந்தால், ஒரு முறை துவைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு அடித்தால்தான் அச்சு கோணாது. ஒற்றை டி-ஷர்ட்டுக்கும் அடித்துக் கொடுப்பேன், ஆனால் ஸ்கிரீன் எடுக்கும் செலவு ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் ஒன்றுதான் என்பதால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே படத்தைக் கொண்டுவந்தால் உங்களுக்குக் கட்டும். பிரபல பிராண்டின் லோகோவைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், செய்ய மாட்டேன். உங்கள் தெருப் பெயர், கிரிக்கெட் டீமின் பெயர், உங்கள் கையெழுத்து, எது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். மாசி, பங்குனியில் மட்டும் வர வேண்டாம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் டி-ஷர்ட் கேட்டு ஊரே வரிசையில் நிற்கும். அந்த நாட்களில் என் மேசையில் வேறு நிறத்துக்கு இடம் கிடையாது.